வரலாற்றுத் துறைக் கூட்டம்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் வரலாற்றுத் துறையில் ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் தங்கள் ஆய்வைப் பற்றியும், தங்களை இந்தத் துறைக்கு இழுத்து வந்தவர்களைப் பற்றியும் சேர்ந்து பேசும் கூட்டம் ஒன்று. ஏற்பாடு என் தலையில் விழுந்திருக்கிறது.

பேசச் சொன்னால் ஆளாளுக்கு ஆய்வுச் சுருக்கத்தை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். உந்துதல் யார் என்று கேட்டால் பெரிய பெயர்களின் பட்டியல்தான் வரும். எனக்கு வேண்டியது அதுவல்ல. பிரான்சின் வரலாற்றை ஆராய்ந்த அமெரிக்க வரலாற்றாசிரியர் நாட்டலி சீமோன் டேவிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1952-இல் அமெரிக்க அரசு அவருடைய பாஸ்போர்ட்டைப் பறித்துக்கொண்டது. பிரான்சின் ஆவணக் காப்பகங்களுக்குப் போக வழியில்லை. நியூயார்க் நூலகங்களில் கிடைத்த 16-ஆம் நூற்றாண்டு அச்சு நூல்களைக் கொண்டே வேலையைத் தொடர்ந்தார். இப்படி, தடை வந்தபோது ஆய்வு எந்தப் பக்கம் திரும்பியது என்று யாராவது பேசினால் முதலாண்டு மாணவர்கூடக் காது கொடுப்பார்.

அதனால் ஒவ்வொருவரும் ஒரே ஒரு மூல ஆவணத்தைத் திரையில் காட்டிப் பேசட்டும் என்று நினைக்கிறேன்: ஒரு கடிதம், ஒரு வாக்குமூலம், ஒரு கல்வெட்டுப் படி, எதுவானாலும் சரி.

இப்படி நடத்திய அனுபவம் யாருக்காவது உண்டா? பேராசிரியர்கள் முன்னால் மாணவர்கள் வாயே திறப்பதில்லை. முதலில் யாரைப் பேசவைப்பது? இன்னும் வெளியிடாத ஆய்வைச் சொல்லத் தயங்குபவர்களுக்கு என்ன உறுதி கொடுக்கலாம்? அப்புறம், கேள்வி நேரத்தில் எழுந்து தனிச் சொற்பொழிவே ஆற்றும் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். அவரை மனம் நோகாமல் உட்காரவைக்கும் வழி தெரிந்தால் கட்டாயம் எழுதுங்கள்.