டிசம்பர் முழுக்கக் கிறிஸ்துமஸ்: ஃப்ளாட்டில் எதையெல்லாம் செய்யலாம்?

ஓசூர்_மருமகள்:
வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். வருஷா வருஷம் 23ஆம் தேதி ராத்திரி பஸ் ஏறிப் போவோம்; ஸ்டார் கட்டி, இயேசு பிறந்த தொழுவம் மாதிரி குடில் வைத்து, பலகாரமெல்லாம் சுட்டு டின்னில் அடைத்து வைத்திருப்பார்கள், நாங்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவதோடு சரி. இந்த வருஷம் அத்தைக்கு முட்டு ஆபரேஷன் ஆகி இங்கேதான் இருக்கிறார். ஊரில் மாதம் முழுக்க நடப்பதெல்லாம் இங்கேயும் நடக்கணும் என்று பிள்ளைகள் ஒரே பிடிவாதம். இரண்டாவது மாடி, சின்ன பால்கனி. குடிலுக்குப் புல் எப்போது விதைப்பது? முந்திரிக்கொத்து எத்தனை நாள் முன்னால் சுடலாம்? அத்தையைக் கேட்டால் "எல்லாம் ஒரு கைப்பக்குவம்தான் மக்ளே" என்கிறார்.

குளச்சல்_தம்பி:
புல்லுக்குக் கேழ்வரகு போதும் அக்கா. 12, 13 தேதிவாக்கில் ஒரு பழைய தட்டில் தென்னைநார்த் துகளைப் பரப்பி, ஊறவைத்த கேழ்வரகை நெருக்கமாகத் தூவுங்கள். தண்ணீரைத் தெளிக்கத்தான் வேண்டும், ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். 24க்குள் பச்சைப்பசேல் என்று நிற்கும். குழந்தை இயேசு சுரூபத்தை மட்டும் முன்னாலேயே வைத்துவிடாதீர்கள், நடுராத்திரிப் பூசை முடிந்து வந்து வீட்டிலேயே சின்ன வாண்டு கையால் வைக்கணும். எங்கள் வீட்டில் குழந்தை இயேசுவைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்கள் பொம்மை டிவி ஸ்டாண்டில் இருந்து புறப்பட்டுத் தினம் ஒரு சாண் நகர்வார்கள், ஜனவரி 6ஐ ஒட்டி, அந்த ராஜாக்கள் வந்ததைக் கொண்டாடும் திருக்காட்சி ஞாயிறில்தான் குடிலுக்கு வந்து சேருவார்கள். ஒட்டகத்தை யார் நகர்த்துவது என்று தினமும் அடிதடி.

நாகர்கோவில்_அக்கா:
கைப்பக்குவமும் இல்லை ஒன்றும் இல்லை, பதம்தான். முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறை வாசம் வர வறுத்து, தோல் போகப் புடைத்து, ரவைப் பதத்துக்குத் திரிக்கணும், மாவாகிவிட்டால் கடிக்க நன்றாக இருக்காது. வெல்லப்பாகு, வறுத்த எள், ஏலக்காய், அப்புறம் தேங்காய்த்துருவல். இந்தத் தேங்காயைச் சிவக்க வறுக்காமல் ஈரத்தோடு போட்டால் நாலே நாளில் சிக்குவாடை அடிக்கும், பெரும்பாலும் கெடுவது இதனால்தான். உருட்டி ஒரு ராத்திரி ஆறவிட்டால் எண்ணெயில் உடையாது. பச்சரிசி மாவில் மஞ்சள்தூளும் உப்பும் கலந்து கரைத்து, மூன்று மூன்று உருண்டையாகச் சேர்த்து முக்கிப் போடுங்கள். 20ஆம் தேதி சுட்டால் புது வருஷம் வரை தாராளமாக நிற்கும். அச்சுமுறுக்கு வேண்டுமா, அச்சை முக்கால் ஆழம்தான் மாவில் முக்கணும். மாவு அச்சுக்கு மேலே ஏறிவிட்டால் கழன்று விழாது, கரண்டிக்காம்பால் தட்டிக்கொண்டு நிற்கணும்.

பாளை_அண்ணாச்சி:
நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), எங்கள் வீட்டில் குடில் வழக்கம் கிடையாது. எங்களுக்கு டிசம்பர் என்றால் சபையார் வீடு வீடாக வந்து பாடும் கீத பவனிதான். ராத்திரி ஒரு மணிக்கு டிரம் சத்தம் கேட்டதும் தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்தால் வாசலில் கிறிஸ்துமஸ் தாத்தா நிற்பார். ஃப்ளாட்டில் இது கொஞ்சம் வம்பு. உங்கள் சபையில் சொல்லி ஒன்பது மணிக்குள் வரச் சொல்லுங்கள், டிரம் இல்லாமல் கீழே நின்று பாடட்டும், செக்யூரிட்டியிடமும் அசோசியேஷனிலும் முன்கூட்டியே ஒரு வார்த்தை. 25 அதிகாலை நாலு மணிக்குப் பிள்ளைகளை எழுப்பிக் குளிப்பாட்டி எங்கள் பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் சர்ச்சுக்குக் கூட்டிப்போவது இருக்கிறதே, அந்தக் குளிர் இல்லாமல் எனக்குக் கிறிஸ்துமஸே இல்லை. 31 ராத்திரி சர்ச்சில் புது வருஷம் பிறக்கும்வரை நடக்கும் வாட்ச்நைட் ஆராதனையையும் விட்டுவிடாதீர்கள். புது வருஷத்துக்கான பைபிள் வசனம் போட்ட வாக்குத்தத்த அட்டையை அங்கே வாங்கி வந்து வீட்டில் ஒட்டினால்தான் மாதம் முடிந்த மாதிரி.

விருகம்பாக்கம்_ஸ்டெல்லா:
எல்லோரும் அழகாகச் சொல்கிறீர்கள், வறுப்பதும் சுடுவதும் துடைப்பதும் யார்? டிசம்பர் மொத்தமும் ஒருத்தி தலையில்தான் விழுகிறது. அதுவும் வீட்டில் ஆபரேஷன் ஆனவர் இருக்கிறார். நான் முந்திரிக்கொத்து மட்டும் வீட்டில் சுடுவேன், கேக் பேக்கரியில். ஸ்டாரும் சீரியல் லைட்டும் அப்பா, பிள்ளைகள் பாடு. அக்கம்பக்கத்துக்குத் தட்டு கொடுப்பதை மட்டும் குறைக்காதீர்கள், தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறோமே.

ஓசூர்_மருமகள்:
ஸ்டெல்லா அக்கா, உங்கள் பதிலை வீட்டுக்காரருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன், ஸ்டார் அவர் பொறுப்பு என்று முடிவாகிவிட்டது. அத்தை கட்டிலில் உட்கார்ந்தே உருண்டை பிடித்துத் தருகிறாராம். ஒரே ஒரு கவலை, பால்கனியில் புறாத்தொல்லை. கேழ்வரகு தூவினால் விட்டுவைக்குமா?

குளச்சல்_தம்பி:
ஒன்றுகூட மிஞ்சாது. முளை விடும்வரை ஜன்னல் ஓரமாக வீட்டுக்குள்ளேயே வையுங்கள், அப்புறம் வெளியே எடுத்தால் பழைய கொசுவலைத் துண்டைப் போட்டுச் சுற்றிலும் கிளிப் மாட்டிவிடுங்கள்.