புதுப்பிப்பு: பழைய தலைவருக்கு ஒரு பலகை

கிளிநொச்சிப் பக்கம் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தில் எல்லாத் தலைவர்களின் படமும் தொங்குகிறது, 2010 இல் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து திரும்பிய கையோடு கழகத்தை மீளத் தொடக்கிய ஐயாவின் படம் மட்டும் இல்லை என்று முன்பு புலம்பியிருந்தேன் அல்லவா?

நிர்வாகம் அசையவில்லை. கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிற நாங்களே காசு சேர்த்து, ஞாயிறு மைதான வாசலில் அவர் பெயரில் பலகை வைத்தோம். கண்ணிவெடி அகற்றியவர்கள் காணியை விட்ட பிறகு, காட்டுத்தடி வெட்டிக் கோல் கம்பம் நட்டவர் அவர். பந்துக்குக் காற்றடித்ததும் அவருடைய சைக்கிள் பம்பால்தான். பிடி கழன்று, ரியூப் துண்டால் சுற்றிய அந்தப் பம்பை மகள் மேசையில் வைத்ததும் பெடியள் கப்சிப்.

ஐயா பலகையைத் தடவிப் பார்த்தார். "தம்பி, என்ர பேரில ஒரு புள்ளியைக் காணேல்ல."

சரி, கழற்றித் திருத்தக் கொடுத்திருக்கிறோம்.