வரி பில்லில் இருந்த ஒரு வரி: இன்ஷூரன்ஸ் இல்லாதவர் செலவை யார் கட்டுகிறார்கள்? (2025 கடைசியில் எழுதியது)

இர்விங்வாசி:

டாலஸ் பக்கம் மருத்துவமனை, இன்ஷூரன்ஸ் துறையில் இருப்பவர்கள் யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

போன வாரம் சொத்து வரி பில் வந்தது. பதினோரு வருஷமாக மொத்தத் தொகையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக் கட்டிவிடுவேன். இந்த முறைதான் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பள்ளி, நகரம், கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி), கல்லூரி, அப்புறம் டாலஸ் கவுண்டியின் பொது மருத்துவமனையான பார்க்லாந்து ஹாஸ்பிடல். நூறு டாலர் மதிப்புக்கு இருபத்தோரு சென்ட் போல. என் வீட்டுக்கு அது வருஷம் அறுநூறு டாலரைத் தாண்டுகிறது. நான் அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததுகூட இல்லை. கென்னடியைச் சுட்டபோது அங்கேதான் கொண்டுபோனார்கள் என்பது மட்டும் தெரியும்.

ஆபீசில் மதியச் சாப்பாட்டின்போது இதைச் சொல்லப்போய்ப் பெரிய வாக்குவாதம் ஆகிவிட்டது. பிளேனோவில் இருக்கும் நண்பர், "எங்கள் காலின் கவுண்டியில் அப்படி ஒரு வரியே கிடையாது, நீங்கள்தான் ஏமாளி" என்றார். "இன்ஷூரன்ஸ் வாங்காமல் இருப்பது அவரவர் முடிவு, அதற்கு நான் ஏன் கட்டவேண்டும்?" என்றார் இன்னொருவர். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. பாதி மனசு அவர் பக்கம்தான் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

2025இல் அமெரிக்க மத்திய அரசாங்கம் 43 நாள் மூடிக் கிடந்ததே இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்கு அரசு தரும் மானியம் பற்றிய சண்டையில்தான். ஆகவே என் கேள்வி: இன்ஷூரன்ஸ் இல்லாதவர்களுக்கு இப்போது உண்மையில் யார் கட்டுகிறார்கள்? எல்லோருக்கும் இன்ஷூரன்ஸ் என்று வந்தால் என் செலவு கூடுமா, குறையுமா? கட்சிப் பிரசாரம் மட்டும் வேண்டாம், எந்தக் கட்சியாக இருந்தாலும்.

நான்காவது பம்ப்:

"அவரவர் முடிவு" என்று சொன்ன நண்பரை என் கேஸ் ஸ்டேஷனுக்கு ஒருநாள் அனுப்பி வையுங்கள். காபி இலவசம்.

எனக்கும் மனைவிக்கும் 61 வயது. பிள்ளைகள் தனியாகப் போய்விட்டார்கள். கடை வருமானம் 88,000 டாலர். ஒபாமாகேர் மார்க்கெட்டில், அதாவது 2010 சட்டப்படி தனிநபர்கள் மானியத்தோடு இன்ஷூரன்ஸ் வாங்கும் சந்தையில், பாலிசி. 2021இல் கொண்டுவந்த கூடுதல் மானியத்தால், வருமானத்தில் 8.5 சதவீதத்துக்கு மேல் கட்டவேண்டியதில்லை என்று இருந்தது. அதனால் மாதம் 620 டாலர் சொச்சம். அந்தச் சலுகை 2025 டிசம்பர் 31உடன் முடிகிறது. 2026இல் இரண்டு பேர் குடும்பத்துக்கு மானியம் கிடைக்கும் வருமானத்தின் மேல்கோடு 84,600. நான் 3,400 டாலர் மேலே நிற்கிறேன். அதனால் ஒரு சென்ட் மானியமும் கிடையாது. கம்பெனி அனுப்பிய கடிதத்தில் மாதத் தொகை இரண்டாயிரத்துக்கு மேல்.

65 வயதில் கிடைக்கும் அரசு இன்ஷூரன்ஸான மெடிக்கேருக்கு இன்னும் நாலு வருஷம். அதுவரை இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டிவிடலாமா என்று இருவரும் இரவில் பேசிக்கொண்டிருக்கிறோம். ஜனவரியில் நானும் உங்கள் ஆபீஸ் நண்பர் திட்டுகிற கூட்டத்தில் சேர்ந்தாலும் சேர்ந்துவிடுவேன்.

பில்லிங் மேசை:

நான் பதினான்கு வருஷமாக டெக்சஸில் மருத்துவமனை பில்லிங் பிரிவில் இருக்கிறேன். எந்த மருத்துவமனை என்று சொல்லமாட்டேன், கேட்காதீர்கள். டாக்டர் கைவிட்ட பிறகு நோயாளியைப் பிடித்துக்கொள்கிறவர்கள் நாங்கள்தான்.

2023இல் பார்த்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். கூரை வேலை செய்கிறவர், தனி ஆள், ஐம்பதை ஒட்டிய வயது. சர்க்கரை நோய். காலில் ஆணி குத்திய புண் ஆறவில்லை. முதல் முறை எமர்ஜென்சிக்கு வந்தார். 1986இல் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் ஒன்று இருக்கிறது, எம்டாலா என்போம். மெடிக்கேர் பணம் வாங்கும் மருத்துவமனை, எமர்ஜென்சிக்கு வருகிறவரிடம் காசு இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து, நிலைமையைச் சீராக்கி அனுப்பவேண்டும். கவனியுங்கள், சீராக்கினால் போதும். குணப்படுத்தச் சொல்லவில்லை. புண்ணைச் சுத்தம் செய்து, ஆன்டிபயாட்டிக் சீட்டு கொடுத்து, "உங்கள் டாக்டரைப் போய்ப் பாருங்கள்" என்று அனுப்பினார்கள். அவருக்கு எந்த டாக்டர்? மூன்று மாதத்தில் மூன்று முறை வந்தார். நான்காவது முறை முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாயிற்று.

இவர் ஏன் இன்ஷூரன்ஸ் வாங்கவில்லை? நானே அவருக்குப் போன் செய்து கேட்டேன். முந்தின வருஷம் சம்பாதித்தது பன்னிரண்டாயிரம் டாலர். மார்க்கெட் மானியம் கிடைக்க அந்த ஆண்டு ஒரு ஆளுக்குக் குறைந்தபட்ச வருமானம் 13,590. அதற்கு மேல் கொஞ்சம் சம்பாதித்திருந்தால் பிரீமியமே இல்லாமல் பாலிசி கிடைத்திருக்கும். ரொம்ப ஏழையாக இருந்ததால் மானியம் இல்லை. படிக்கும்போது எழுத்துப் பிழை மாதிரி இருக்கும், ஆனால் சட்டம் அப்படித்தான். 2010இல் எழுதியவர்கள், அந்தக் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களை எல்லா மாநிலமும் ஏழைகளுக்கான அரசு இன்ஷூரன்ஸான மெடிக்கெய்டில் சேர்த்துக்கொள்ளும் என்று நம்பி எழுதினார்கள். 2012இல் உச்ச நீதிமன்றம் அது மாநிலத்தின் விருப்பம் என்றது. செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசு தருகிறது என்றாலும் டெக்சஸ் இன்றுவரை சேரவில்லை. புளோரிடா, ஜார்ஜியா உட்பட மொத்தம் பத்து மாநிலங்கள் இப்படி. நாட்டிலேயே இன்ஷூரன்ஸ் இல்லாதவர் விகிதம் அதிகம் இருப்பதும் இங்கேதான், ஏறக்குறைய ஆறில் ஒருவர்.

சரி, யார் கட்டினார்கள்? இன்ஷூரன்ஸ் இல்லாதவருக்கு எங்கள் கம்ப்யூட்டர் முதலில் முழு விலைப்பட்டியலின்படிதான் பில் போடும். இன்ஷூரன்ஸ் கம்பெனி அதே வேலைக்கு அதில் ஒரு பங்குதான் தரும். அந்தப் பட்டியல் விலையை யாரும் முழுசாகக் கட்டியதை நான் பார்த்ததில்லை. நிதியுதவிப் படிவம் வாங்கி அவருடைய பில்லைத் தள்ளுபடி செய்தோம். தள்ளுபடி என்றால் செலவு மாயமாகிவிடாது. ஒரு பங்கை மெடிக்கெய்டு வழியாக இப்படிப்பட்ட மருத்துவமனைகளுக்கு வரும் தனிநிதி ஈடுகட்டும், அது உங்கள் வருமான வரி. கவுண்டி மருத்துவமனைக்குப் போயிருந்தால் உங்கள் சொத்து வரி. மிச்சம் எங்கள் நஷ்டம்.

"இன்ஷூரன்ஸ் உள்ளவர் பில்லில் ஏற்றிவிடுகிறார்கள்" என்று எல்லோரும் சொல்வது பாதிதான் சரி. கம்பெனிகளோடு கட்டணம் ஒப்பந்தத்தில் பேசி முடித்தது. நாலு பேர் கட்டவில்லை என்பதற்காக ஐந்தாமவருக்கு நான் ஏற்ற முடியாது. 2013ஆம் ஆண்டுக்கு ஒரு மதிப்பீடு வந்தது. இன்ஷூரன்ஸ் இல்லாதவர்களால் ஈடாகாமல் போன சிகிச்சைச் செலவு 8,490 கோடி டாலர், அதில் 5,330 கோடி வெவ்வேறு அரசு நிதிகளிலிருந்து வந்தது என்றார்கள். ஆகவே பெரும்பங்கு ஏற்கெனவே நீங்கள்தான் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள், வரியாக.

அந்தக் கூரைக்காரர் கதையின் முடிவு என்ன தெரியுமா? கால் போய், வேலை போய், வருமானம் குறைந்த ஊனமுற்றோருக்கான எஸ்.எஸ்.ஐ. உதவித்தொகை கிடைத்தது. அது கிடைத்தால் டெக்சஸில் மெடிக்கெய்டு தானாக வரும். காலோடு இருந்தபோது கிடைக்காத கார்டு.

இன்னொன்று. உங்கள் ஆபீஸ் நண்பரை அவருடைய டபிள்யூ-2 படிவத்தை, அதாவது வேலை கொடுப்பவர் வருஷா வருஷம் தரும் சம்பள-வரிச் சான்றை, எடுக்கச் சொல்லுங்கள். 12ஆம் கட்டத்தில் டிடி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு தொகை இருக்கும். அதுதான் அவருடைய இன்ஷூரன்ஸின் முழு விலை, கம்பெனி கட்டுவதும் சேர்த்து. குடும்பத்துக்கு 26,000 இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அந்தப் பணம் சம்பளமாக வந்திருந்தால், 24 சதவீத வரிக்கட்டில் இருப்பவர் 6,000 டாலருக்கு மேல் வருமான வரி கட்டியிருப்பார். கட்டவில்லை. இரண்டாம் உலகப் போரில் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்தார்கள். ஆள் பிடிக்க முதலாளிகள் இன்ஷூரன்ஸைக் கையில் எடுத்தார்கள். 1954இல் வரிச்சட்டத்திலேயே விலக்கு எழுதியாயிற்று. ஆறாயிரம் அவருக்கு வருகிறது, அறுநூறு உங்களிடமிருந்து போகிறது. யார் யாருக்குக் கட்டுகிறார்கள் என்று அடுத்த சாப்பாட்டில் பேசிப் பாருங்கள்.

ஆஸ்டின் தாத்தா:

பில்லிங் மேசை அம்மா சொன்னதில் பாதியை ஏற்கிறேன். வரிவிலக்கை மானியம் என்று சொல்வதை ஏற்கமாட்டேன். என் சட்டைப்பையிலிருந்து எடுக்காமல் விட்டதும், இன்னொருவர் பையிலிருந்து எடுத்து எனக்குக் கொடுத்ததும் ஒன்றா?

அடுத்தது, எல்லோருக்கும் இன்ஷூரன்ஸ் கொடுத்துவிட்டால் எமர்ஜென்சிக் கூட்டம் குறைந்து பணம் மிஞ்சும் என்கிறார்கள். ஆரெகனில் 2008இல் இடம் கொஞ்சமாக இருந்ததால் மெடிக்கெய்டுக்குக் குலுக்கல் நடத்தினார்கள். கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் பின்தொடர்ந்து ஒப்பிட்டார்கள். கிடைத்தவர்கள் எமர்ஜென்சிக்குப் போனது ஏறக்குறைய 40 சதவீதம் கூடியது! ரத்த அழுத்தத்தில் புள்ளியியல்படி சொல்லும்படியான மாற்றம் தெரியவில்லை. ஆகவே இர்விங்காரரே, உங்கள் செலவு கூடும். இதை மறைக்காமல் சொல்லிவிட்டுக் கேட்டால் நானே சம்மதித்தாலும் சம்மதிப்பேன். மிஞ்சும் என்று சொல்லிக் கேட்கிறார்களே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்ஷூரன்ஸ் வாங்காவிட்டால் அபராதம் என்று வைத்தார்கள், 2016இல் பெரியவர் ஒருவருக்கு 695 டாலர், அல்லது வருமானத்தில் 2.5 சதவீதம், எது அதிகமோ அது. 2019இலிருந்து அதைப் பூஜ்யம் ஆக்கினார்கள். ஆரோக்கியமான பையன் ஏன் சேர்வான்? அவன் சேராவிட்டால் பம்ப்காரருக்குப் பிரீமியம் ஏறத்தானே செய்யும்.

பம்ப்காரரே, ஒன்று கேளுங்கள். அந்த 3,400ஐயும் இன்னும் கொஞ்சத்தையும் பழைய மாதிரி (டிரெடிஷனல்) ஐ.ஆர்.ஏ. என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் போட்டால் மானியத்துக்குப் பார்க்கும் வருமானம் கோட்டுக்குக் கீழே இறங்கும். கணக்காளரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். இன்ஷூரன்ஸ் இல்லாமல் 61 வயதில் இருக்கவேண்டாம்.

பில்லிங் மேசை:

தாத்தா, ஆரெகன் கணக்கு சரிதான், நானும் அதைக் கேட்டு முதலில் வாயடைத்துப் போனேன். ஆனால் அதே ஆய்வில் மனச்சோர்வு குறைந்தது, சிகிச்சைக் கடன் குறைந்தது. அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். செலவு கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. கூரைக்காரருக்கு மருந்தும் டாக்டரும் கொடுப்பது இலவசம் இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அவருடைய காலை எடுத்ததற்கு நாம் கட்டினோம், அவரை வீட்டில் உட்கார வைத்ததற்கு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

வரிவிலக்கு பற்றி உங்களோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. மாதக் கடைசி, மேசையில் நூற்றுப்பத்து ஃபைல்.

நான்காவது பம்ப்:

தாத்தாவுக்கு நன்றி. கணக்காளர் "ஆமாம், முடியும்" என்றார். பன்னிரண்டு வருஷமாக என்னிடம் ஃபீஸ் வாங்குகிற மனுஷர், நான் கேட்கும்வரை சொல்லவில்லை.

இர்விங்வாசி:

எல்லோருக்கும் நன்றி. டபிள்யூ-2 எடுத்துப் பார்த்தேன். டிடி: 25,800 சொச்சம். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன், "இவ்வளவு பணத்துக்கு நாம் ஒரு தடவைகூட ஆஸ்பத்திரியில் படுக்கவில்லையே" என்றாள். படுக்காமல் இருப்பதற்குத்தான் கும்பிடவேண்டும் என்று சொல்லி வைத்தேன். ஆபீசில் இன்னும் பேசவில்லை. பிளேனோ நண்பர் லீவில் இருக்கிறார்.

பில்லிங் மேசை மேடம், ஒரு உதவி. எங்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரும் அம்மாவுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. ஜூனில் மூச்சுத்திணறல் என்று ஒரு இரவு எமர்ஜென்சியில் இருந்தார். 11,000 டாலர் பில். மாதம் 50 டாலராகக் கட்டிக்கொண்டிருக்கிறார். இந்தத் தொடரைப் படித்தபிறகுதான் அவரிடம் கேட்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றியது. இப்போது ஏதாவது செய்ய முடியுமா?

பில்லிங் மேசை:

முடியும். ஆஸ்பத்திரி லாபநோக்கமற்றதா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால், நிதியுதவிக் கொள்கையை எழுத்தில் வைத்திருக்கவேண்டும், கேட்டால் இலவசமாகத் தரவேண்டும் என்பது சட்டம். சிகிச்சைக்குப் பிறகு வந்த முதல் பில்லின் தேதியிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். ஜூன் கடைசியில் பில் வந்திருந்தால் பிப்ரவரி வரை நேரம் இருக்கிறது. தகுதி இருந்தால் கட்டணம் குறையும், கூடுதலாகக் கட்டியது திரும்பி வரும்.

போனில் "பேமென்ட் பிளான்" என்று ஆரம்பித்தால் பேச்சை வெட்டி, "ஃபைனான்ஷியல் அசிஸ்டன்ஸ் படிவம் வேண்டும்" என்று அதே வார்த்தையில் கேட்கச் சொல்லுங்கள். வரி ரிட்டர்ன் இல்லாவிட்டால் வேறு என்ன சான்று போதும் என்று அந்தக் கொள்கையிலேயே இருக்கும். நீங்கள்தானே அவருக்குச் சம்பளம் கொடுக்கிறீர்கள்? வருமானக் கடிதம் நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், இன்றைக்கே.