விபி 6, ஆக்சஸ்: தேதி கொடுத்துத் தேடினால் சில நாள்களுக்கு மட்டும் வேறு பதிவுகள் வருகின்றன. உதவுங்கள்

செம்பருத்தி:
அனைவருக்கும் வணக்கம். பிசிஏ இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விஷுவல் பேசிக் 6 செய்முறைத் தேர்வுக்காக நூலகத் திட்டம் ஒன்றைச் செய்து வருகிறேன். ஆக்சஸ் தரவுத்தளத்தில் 'வழங்கல்' என்ற அட்டவணை இருக்கிறது. உறுப்பினர் எண், நூல் எண், வழங்கிய தேதி, கெடு தேதி, திரும்பிய தேதி ஆகியவை அதன் புலங்கள். படிவத்தில் ஏடிஓ டேட்டா கன்ட்ரோல் (படிவத்தைத் தரவுத்தளத்தோடு இணைப்பது), ஒரு டேட்டாகிரிட் (பதிவுகளைக் கட்டங்களில் காட்டுவது), தேதியை எழுத ஓர் உரைப்பெட்டி, 'தேடு' பொத்தான் ஆகியவற்றை வைத்திருக்கிறேன். பொத்தானை அழுத்தினால், வழங்கிய தேதி உரைப்பெட்டியில் உள்ள தேதிக்குச் சமமாக இருக்கும் பதிவுகளைக் கேட்கும் எஸ்கியூஎல் (தரவுத்தள வினவல் மொழி) வரி, டேட்டா கன்ட்ரோலின் ரெக்கார்ட்சோர்ஸ் பண்புக்குப் போகிறது.

25-03-2024 என்று தேடினால் அன்றைய பதிவுகள் சரியாக வருகின்றன. 05-03-2024 என்று தேடினால் மே 3ஆம் தேதிப் பதிவுகள் வந்து நிற்கின்றன! பிழைச்செய்தி எதுவும் இல்லை. இதே தேதியை ஆக்சஸில் வினவல் வடிவமைப்புக் கட்டத்தில் எழுதி ஓட்டினால் மார்ச் 5ஆம் தேதிப் பதிவுகளே வருகின்றன. தேர்வு நெருங்குகிறது, காரணம் பிடிபடவில்லை.

கைபேசியிலிருந்து எழுதுவதால் நிரல் வரிகளை அப்படியே தர முடியவில்லை. எஸ்கியூஎல் வரியில் உரைப்பெட்டியின் டெக்ஸ்ட் பண்பை இரண்டு # குறிகளுக்கு நடுவே ஒட்டியிருக்கிறேன்.

தேன்சிட்டு:
முதலில் அட்டவணையை வடிவமைப்பு நிலையில் திறந்து, வழங்கிய தேதிப் புலத்தின் தரவு வகை என்ன என்று பாருங்கள். பலர் அதை 'டெக்ஸ்ட்' என்று விட்டுவிடுகிறார்கள். அப்படியானால் வரிசைப்படுத்தும்போது 01-12-2023 என்பது 02-01-2023க்கு முன்னால் வந்துவிடும், 02-01-2024கூட 03-12-2023க்கு முன்னால் வந்துவிடும். எழுத்து வரிசையில் அதுதான் நடக்கும். ரெக்கார்ட்சோர்ஸை மாற்றிய பிறகு ரெஃப்ரெஷ் கொடுத்தீர்களா என்பதையும் சொல்லுங்கள்.

செம்பருத்தி:
நன்றி அக்கா. தரவு வகை 'டேட்/டைம்' என்றே இருக்கிறது. ரெஃப்ரெஷும் கொடுத்திருக்கிறேன். கொடுக்காவிட்டால் கிரிட் பழைய பதிவுகளையே காட்டுகிறது.

மின்மினி:
விபி 6 வெளிவந்தது 1998இல். அதன் நிரலாக்கச் சூழலுக்கு மைக்ரோசாஃப்ட் 2008 ஏப்ரலிலேயே ஆதரவை நிறுத்திவிட்டது. இதில் நேரத்தைச் செலவிடுவதைவிட பைத்தான் மொழி, எஸ்கியூலைட் தரவுத்தளம் பக்கம் போவது உங்களுக்கு நல்லது.

கருவேலன்:
மின்மினி, அவருக்குத் தேர்வு இந்த மொழியில்தான் நடக்கப்போகிறது. இன்னொன்றும் உண்டு. எஸ்கியூலைட்டில் தேதிக்கென்று தனிச் சேமிப்பு வகையே கிடையாது. உரையாகவோ எண்ணாகவோ நாமே வைத்துக்கொள்ள வேண்டும். தேதியைச் சரியாகக் கையாளத் தெரியாமல் அங்கே போனால் இதே குழப்பம் வேறு உருவில் வரும். இங்கேயே கற்றுக்கொள்வது வீண் போகாது.

செம்பருத்தி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆக்சஸின் அடியில் இயங்கும் ஜெட் பொறி தேதியை எழுத்தாக வைத்திருப்பதில்லை. 1899 டிசம்பர் 30ஐப் பூஜ்யமாகக் கொண்டு நாள்களை எண்ணுகிறது. 2024 மார்ச் 5 அதற்கு 45356, மே 3 அதற்கு 45415. அன்று நண்பகல் என்றால் 45356.5. கிரிட்டில் 05-03-2024 என்று தெரிவது, அந்த எண்ணை விண்டோஸின் வட்டார அமைப்புப்படி எழுதிக் காட்டுவதால் மட்டுமே. இந்திய அமைப்பில் நாள் முதலில் வரும்.

எஸ்கியூஎல் வரிக்குள் # குறிகளுக்கு நடுவே எழுதும் தேதிக்கு இந்த வட்டார அமைப்பு பொருந்தாது. உங்கள் கணினி எந்த நாட்டில் இருந்தாலும் அங்கே அமெரிக்க முறைதான்: மாதம், நாள், ஆண்டு. ஆகவே #05-03-2024# என்பது ஜெட்டுக்கு மே 3. நீங்கள் கேட்டதாக அது புரிந்துகொண்டதை அது சரியாகவே கொடுத்திருக்கிறது.

அப்படியானால் 25-03-2024 எப்படிச் சரியாக வந்தது? இருபத்தைந்தாவது மாதம் இல்லாததால், ஜெட் தானாகவே நாளையும் மாதத்தையும் இடம் மாற்றிப் படித்துக்கொள்கிறது. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. பிழை என்று சொல்லி நின்றிருந்தால் எழுதுபவர் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பார். மாதத்தின் 13ஆம் தேதிக்குப் பிறகு சோதித்துப் பார்த்து, எல்லாம் சரி என்று கொடுக்கப்பட்ட நிரல் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து தவறான கணக்கைக் காட்டத் தொடங்கும். கடைக்கணக்கிலோ மருந்தகத்திலோ இது நடந்தால் யாருக்கும் உடனே தெரியாது.

ஆக்சஸின் வடிவமைப்புக் கட்டம் மட்டும் உங்கள் வட்டார முறையை மதித்து, உள்ளே எஸ்கியூஎல் எழுதும்போது அமெரிக்க முறைக்கு மாற்றிவிடுகிறது. அதே வினவலை எஸ்கியூஎல் காட்சியில் திறந்து பாருங்கள், 3/5/2024 என்று மாறியிருப்பதைக் காண்பீர்கள்.

தீர்வு: உரைப்பெட்டியில் உள்ளதை முதலில் சிடேட் செயற்கூறுக்குக் கொடுங்கள். அது வட்டார அமைப்புப்படி படித்து உண்மையான தேதியாக மாற்றும். பிறகு அந்தத் தேதியை ஃபார்மட் செயற்கூறில் இட்டு, நான்கு இலக்க ஆண்டு, சிறுகோடு, இரண்டு இலக்க மாதம், சிறுகோடு, இரண்டு இலக்க நாள் என்ற வடிவத்தில் பெறுங்கள். #2024-03-05# என்று போனால் ஜெட்டுக்கு எந்த ஐயமும் வராது. சாய்கோடு வைத்த அமெரிக்க வடிவமும் செல்லும். ஆனால் ஃபார்மட்டில் வெறும் சாய்கோடு இட்டால் அது உங்கள் கணினியின் தேதிப் பிரிப்பானாக மாறிவிடும் என்பதால் அதன் முன்னால் பின்சாய்கோடும் சேர்க்க வேண்டியிருக்கும். ஆண்டு முதலில் வரும் வடிவமே எனக்குப் பிடித்தது.

சிடேட்டுக்கு முன் ஈஸ்டேட் செயற்கூறால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உரைப்பெட்டி வெறுமையாக இருந்தால் சிடேட் 13ஆம் எண் பிழையுடன் நின்றுவிடும். எஸ்கியூஎல் வரியை ரெக்கார்ட்சோர்ஸுக்குக் கொடுப்பதற்கு முன் டீபக் பிரின்ட் செய்து, கன்ட்ரோல்+ஜி அழுத்தினால் வரும் இம்மீடியட் சாளரத்தில் படித்துப் பாருங்கள். தரவுத்தளத்துக்கு உண்மையில் என்ன போகிறது என்பதைக் கண்ணால் பார்க்காமல் இத்தகைய பிழைகளைத் தேடுவது கடினம்.

நிழல்மரம்:
கருவேலன் ஐயா சொன்னது சரி. ஒன்றைச் சேர்க்கிறேன். சிடேட்டும் அதே இடமாற்றத்தைச் செய்யும். இந்திய அமைப்பில் 03/25/2024 என்று ஒருவர் எழுதினாலும் மறுக்காமல் மார்ச் 25 என்று எடுத்துக்கொள்ளும். தேதிக்கு உரைப்பெட்டியே வேண்டாம் என்பது என் கருத்து. காம்பொனன்ட்ஸ் பட்டியலில் 'மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் காமன் கன்ட்ரோல்ஸ்-2' என்பதைத் தேர்ந்தெடுத்தால் டிடிபிக்கர் கிடைக்கும். அதன் வேல்யூ பண்பு நேரடியாகவே தேதி. பயனர் நாள்காட்டியிலிருந்து தேர்ந்தெடுப்பதால் எது நாள், எது மாதம் என்ற கேள்வியே எழாது. காட்டும் வடிவத்தைக் கஸ்டம்ஃபார்மட் பண்பில் நாள், மாதம், ஆண்டு என்று அமைத்துக்கொள்ளலாம்.

இன்னும் நேர்த்தியாகச் செய்ய விரும்பினால், எஸ்கியூஎல் வரியில் தேதிக்குப் பதில் ஒரு கேள்விக்குறி வைத்து, ஏடிஓ கமாண்டின் அளபுருவாக (அந்தக் கேள்விக்குறியின் இடத்துக்குத் தனியாக அனுப்பும் மதிப்பாக) தேதியைக் கொடுங்கள். அப்போது # குறியும் வேண்டாம், ஃபார்மட்டும் வேண்டாம். கிடைக்கும் ரெக்கார்ட்செட்டை 'செட்' கொண்டு டேட்டா கன்ட்ரோலின் ரெக்கார்ட்செட் பண்புக்குக் கொடுக்கலாம். கர்சர் லொகேஷனைக் கிளையன்ட் பக்கம் வைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் டேட்டாகிரிட் பதிவுகளைக் காட்ட மறுத்துவிடும்.

செம்பருத்தி:
மிக்க நன்றி ஐயா, நன்றி நிழல்மரம். 05-03-2024க்கு இப்போது மார்ச் பதிவுகளே வருகின்றன. எஸ்கியூஎல் காட்சியிலும் நீங்கள் சொன்னபடியே மாறியிருக்கிறது.

இப்போது வேறொன்றைக் கவனித்தேன். ஆக்சஸில் நேரடியாகத் தட்டச்சு செய்த பதிவுகள் எல்லாம் வருகின்றன. படிவத்தின் 'வழங்கு' பொத்தான் வழியாகச் சேர்த்தவை மட்டும் அதே தேதியில் இருந்தும் தேடலில் வருவதில்லை. இதுவும் நாள், மாதக் குழப்பம்தானா?

கருவேலன்:
இல்லை. 'வழங்கு' பொத்தானின் நிரலில் தேதியை எதிலிருந்து எடுக்கிறீர்கள்? 'நௌ' செயற்கூறாக இருக்க வேண்டும்.

செம்பருத்தி:
ஆம் ஐயா, நௌ.

கருவேலன்:
அதுதான் காரணம். நௌ தேதியோடு நேரத்தையும் தருகிறது. நண்பகலில் வழங்கிய நூலுக்கு 45356.5 என்று பதிவாகியிருக்கும். நீங்கள் தேடுவது 45356ஐ. இரண்டும் சமம் இல்லை. கிரிட்டில் தேதி மட்டும் தெரியும் வடிவம் இருந்தால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. நௌவுக்குப் பதில் 'டேட்' செயற்கூறைப் பயன்படுத்துங்கள், அது நேரத்தைச் சேர்க்காது.

ஏற்கெனவே உள்ள பதிவுகளுக்கு 'சமம்' என்று கேட்காமல், அந்த நாளுக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருந்து மறுநாளைவிடச் சிறியதாக உள்ளவை என்று கேளுங்கள். புலத்தின் மீது இன்ட் செயற்கூறை வைத்து நேரத்தை வெட்டியும் செய்யலாம். ஆனால் புலத்தைச் செயற்கூறுக்குள் அடைத்துவிட்டால் ஜெட்டால் அந்தப் புலத்தின் இன்டெக்ஸை (விரைவாகத் தேட உதவும் வரிசைப் பட்டியலை) பயன்படுத்த முடியாது. நிழல்மரம் சொன்ன டிடிபிக்கரின் வேல்யூவிலும் நேரம் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அங்கே இன்ட் வைத்து வெட்டிக்கொள்வதில் இழப்பில்லை.

செம்பருத்தி:
எல்லாப் பதிவுகளும் வந்துவிட்டன! அபராதக் கணக்கில் ஒரு சந்தேகம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. நாளுக்கு 50 பைசா. டேட்டிஃப் செயற்கூறால் தாமத நாள்களைக் கணக்கிட்டு, 0.5ஆல் பெருக்கி, ரவுண்ட் செயற்கூறால் முழு ரூபாயாக்குகிறேன். 7 நாள் தாமதத்துக்கும் 4 ரூபாய், 9 நாள் தாமதத்துக்கும் 4 ரூபாய் என்று வருகிறது. 5 நாளுக்கு 2 ரூபாய்தான் வருகிறது.

தேன்சிட்டு:
டேட்டிஃப் நாள்களைச் சரியாகத்தான் எண்ணும். சிக்கல் ரவுண்டில். விபி 6இன் ரவுண்ட், சரிபாதி வரும்போது அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். 2.5 என்பது 2 ஆகும், 3.5 என்பது 4 ஆகும், 4.5உம் 4 ஆகும். நீண்ட கூட்டல்களில் எல்லாம் ஒரே பக்கம் சாயாமல் இருக்க இந்த முறை உதவுகிறது. எக்செல் தாளில் ரவுண்ட் எழுதினால் 2.5க்கு 3 கிடைப்பதால் பலரும் இங்கேயும் அதையே எதிர்பார்க்கிறார்கள். பள்ளியில் கற்ற முறை வேண்டுமென்றால் 0.5 கூட்டி இன்ட் எடுங்கள். 5 நாளுக்கு 3, 7 நாளுக்கு 4, 9 நாளுக்கு 5 என்று வரும்.

கெடுவுக்கு முன்பே நூல் திரும்பினால் டேட்டிஃப் குறை எண்ணைத் தரும். பூஜ்யத்தைவிடச் சிறிதாக இருந்தால் அபராதம் பூஜ்யம் என்று ஒரு நிபந்தனை வையுங்கள். இன்னும் திரும்பாத நூல்களுக்குத் திரும்பிய தேதி 'நல்', அதாவது மதிப்பே இடப்படாததாக இருக்கும். அதை உரைப்பெட்டிக்கு நேராகக் கொடுத்தால் 94ஆம் எண் பிழை வரும், வெற்றுச் சரத்தோடு & குறியால் இணைத்துக் கொடுங்கள். அவற்றைத் தேடும்போதும் 'சமம் நல்' என்று கேட்டால் ஒரு பதிவும் வராது, 'ஈஸ் நல்' என்று கேட்க வேண்டும்.

செம்பருத்தி:
அபராதம் சரியாகிவிட்டது அக்கா. கடைசியாக ஒன்று. நூல் தலைப்பின் தொடக்கத்தை மட்டும் எழுதித் தேட 'லைக்' பயன்படுத்துகிறேன். ஆக்சஸில் * குறியோடு வேலை செய்கிறது, விபி 6இல் ஒன்றும் வருவதில்லை.

நிழல்மரம்:
ஏடிஓ வழியாகப் போகும்போது * குறிக்குப் பதில் % குறி இடுங்கள், ஒற்றை எழுத்துக்குக் கேள்விக்குறிக்குப் பதில் அடிக்கோடு. தேடும் தலைப்பில் ஒற்றை மேற்கோள் குறி இருந்தால் எஸ்கியூஎல் வரி உடைந்துவிடும். அதை ரீப்ளேஸ் செயற்கூறால் இரண்டாக்கிவிட்டு அனுப்புங்கள். தேர்வு அறையில் வேறு கணினி தருவார்கள் என்றால் தரவுத்தளத்தை ஆக்சஸின் பழைய எம்டிபி கோப்பு வடிவிலேயே சேமித்து எடுத்துச் செல்லுங்கள். ஜெட் 4.0 இணைப்பு மென்பொருளால் புதிய ஏசிசிடிபி வகைக் கோப்பைத் திறக்க முடியாது.