சக நடிகர் வசனத்தைத் தாண்டிவிட்டால்?

கேள்வி: மேடை நாடகத்தில் எதிரே நடிப்பவர் வசனத்தில் இரண்டு பக்கத்தைத் தாண்டிப் போய்விட்டால் எப்படிச் சமாளிப்பது?

பதில் 1: பின்னுக்கு இழுக்காதீங்க, அவர் வந்த இடத்திலிருந்தே தொடருங்க. விடுபட்டதில் கதைக்கு அவசியமான செய்தியை மட்டும் உள்ளே கொண்டுவாங்க. கேள்வியா கேட்டா தடுமாறுபவர் இன்னும் திணறுவார். "கடிதம் அண்ணன்கிட்டதானே இருக்கு"ன்னு நீங்களே சொல்லிடுங்க, அவர் தலையாட்டினா போதும்.

பதில் 2: விளக்குப் பலகையை (மேடை விளக்குகளை இயக்கும் கருவி) மறந்துடாதீங்க! இயக்குபவர் வழக்கம்போல அடுத்த பட்டனை அழுத்தினா தாண்டிய க்யூ (குறித்த இடத்தில் விளக்கு மாறுவதற்கான கட்டளை) ஓடி, பகல் காட்சியில் இருட்டு விழும். மேடை நிர்வாகி உடனே ஹெட்செட்டில் "நிறுத்துங்க" சொல்லி, புது க்யூ எண்ணைக் கொடுக்கணும். ஒலி க்யூக்களுக்கும் அதேதான்.

பதில் 3: விடுபட்ட பகுதியில் யாராவது உள்ளே வரணுமா, பொருள் கைமாறணுமான்னும் பாருங்க. சிக்கல் பெரும்பாலும் அங்கேதான்.