சமூக ஊடகத்தில் நம் பிள்ளைகள்: உங்களை இன்னும் உறுத்தும் ஒரு நிகழ்வைப் பகிருங்கள்

கயல்விழி, ஈரோடு

என் தம்பி மகன் பத்தாம் வகுப்பில் படிக்கிறான். பெண் பெயரில் நட்பு, இனிய பேச்சு, பிறகு அந்தரங்கப் படம், அதன்பின் மிரட்டல் என்று நீங்கள் எல்லோரும் அறிந்த வழியில்தான் அவனும் சிக்கினான். ஆகவே அதை விரிக்கவில்லை. நள்ளிரவு கடந்து என் அறைக்கு வந்து கைபேசியை நீட்டினான். மிரட்டியவன் அனுப்பியிருந்த ஸ்கிரீன்ஷாட்டில் இவனைப் பின்தொடர்பவர்களின் பட்டியல் இருந்தது. வகுப்பாசிரியர், இவனுடைய தங்கை, நான் ஆகிய மூவரின் பெயர்களையும் சிவப்பில் வட்டமிட்டு, "முதலில் இவர்களுக்கு" என்று எழுதியிருந்தான். பணம் கேட்டது அதற்கு அடுத்த வரியில். நான் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளை சொன்னது: "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அத்தை, போனைப் பிடுங்கிடுவாரு." அவ்வளவு பெரிய மிரட்டல் கண்முன் இருக்க, அவன் நடுங்கியது தன் தந்தையை நினைத்துத்தான்.

இராமநாதன், தஞ்சாவூர்

சகோதரி எழுதியதைப் படித்தேன். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளை கையில் கைபேசியே இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆஸ்திரேலியாவில் 16 வயது நிரம்பாதவர்கள் இத்தளங்களில் கணக்கு வைத்திருக்க 2025 டிசம்பர் 10 முதல் தடை வந்திருக்கிறது. அந்நாட்டு அரசுக்கே அந்த அவசியம் தோன்றியிருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு சிறுமி யாரோ முகம் தெரியாதவரின் நேரலையில், அவர் கேட்கக் கேட்க, தன் வீட்டு வாசலையும் தெருப் பெயர்ப்பலகையையும் காட்டிக்கொண்டு நடந்ததைப் பார்த்தேன். அருகில் நின்ற பாட்டி, பேத்தி தோழியோடு பேசுகிறாள் என்றே நினைத்திருந்தார்.

மலர்க்கொடி, மதுரை

இராமநாதன் ஐயாவின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் கயல்விழி சொன்ன பிள்ளை வாய் திறக்கத் தயங்கியதே போனைப் பறித்துவிடுவார்கள் என்ற அச்சத்தால்தான் என்பதை அவர் கவனிக்கவில்லை. நான் டியூஷன் நடத்துகிறேன். இதே நிலைக்கு ஆளான ஒரு மாணவி, வீட்டுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று எல்லா உரையாடலையும் கணக்கோடு சேர்த்து அழித்துவிட்டுத்தான் என்னிடம் வந்தாள். காவல் நிலையத்தில் காட்ட அவளிடம் ஒன்றுமே இல்லை.

ஆகவே யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் அடுத்த தொகை கேட்கப்படும். எதையும் அழிக்காதீர்கள். மிரட்டல் செய்திகளைப் படமெடுத்து வையுங்கள். மிரட்டுபவரின் பெயர் எப்போது வேண்டுமானாலும் மாறும் என்பதால், கணக்கின் முழு இணைப்பையும் குறித்துக்கொண்டு, அதன் பிறகே அந்தக் கணக்கைத் தடுத்து (பிளாக் செய்து) வையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதிவு செய்யுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற உதவி எண்ணை அழையுங்கள். பிள்ளைக்கு உதவி வேண்டுமென்றால் 1098. படம் பரவும் என்று அஞ்சுவோருக்கு, காணாமற்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான அமெரிக்கத் தேசிய மையம் நடத்தும் 'டேக் இட் டவுன்' சேவை இருக்கிறது. அதில் படத்தைப் பதிவேற்ற வேண்டியதில்லை. நம் கருவியிலேயே அதற்கு ஓர் எண்குறியீடு உருவாகி, அந்தக் குறியீடு மட்டுமே சென்று, சேவையில் இணைந்துள்ள தளங்களில் அப்படம் தேடப்படும்.

இன்னொன்று: கணக்கில் என்ன பிறந்த ஆண்டு கொடுத்திருக்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் அமைதியாகக் கேட்டுப் பாருங்கள். இன்ஸ்டாகிராமின் பதின்ம வயதுக் கணக்கில், பிள்ளை பின்தொடராத அந்நியர் நேரடியாகச் செய்தி அனுப்ப முடியாது. ஆனால் வயதைக் கூட்டிப் போட்ட பிள்ளைக்கு அந்தக் காப்பு தானாகக் கிடைப்பதில்லை. என் மாணவர்களில் பலர் தங்களைப் பெரியவர்களாகத்தான் பதிந்திருக்கிறார்கள்.

செந்தில், கோயம்புத்தூர்

பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறோம். எனக்கு உறுத்துவது பெற்றோர் செய்தது. எங்கள் குடியிருப்பின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில், ஒரு குழந்தை பாலியல் ரீதியாகத் துன்புறுத்தப்படும் காணொளியை ஒருவர் பதிவிட்டு, "குற்றவாளி பிடிபடும்வரை பகிருங்கள்" என்று எழுதினார். முகம் மறைக்கப்படவில்லை. கீழே வரிசையாகக் கைகூப்பும் குறிகள். நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தக் குழந்தையின் முகத்தை நூற்றுக்கணக்கானோர் பார்த்துவிட்டார்கள். இத்தகைய காட்சியைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம். முதல் முறைக்கே ஐந்தாண்டு வரை சிறை உண்டு. தரவிறக்கி வைத்திருந்ததும் பார்த்ததும் மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் கூறியதை, அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. இதை நான் குழுவில் எழுதியபோது, "அப்படியானால் குழந்தையை எப்படிக் காப்பாற்றுவது?" என்று கோபத்தோடு கேட்டார்கள். அதே சைபர் புகார்த் தளத்தில், நம் பெயரைக் கூடத் தெரிவிக்காமல் இதைப் புகாராக அளிக்க வழியிருக்கிறது என்றேன். குழு நிர்வாகி காணொளியை எல்லோருக்குமாக நீக்கினார். அதற்குள் இருவர் தங்கள் ஊர்க் குழுக்களுக்கு அனுப்பியிருந்தனர். ஒருவர் உடனே அழித்தார். மற்றவர், அது விழிப்புணர்வுக்காகத்தான் என்று இன்னமும் வாதாடிக்கொண்டிருக்கிறார்.