புதுப்பிப்பு: மேலதிகப்பற்றுக் கட்டணம், பாதி வந்தது

ஹட்டன் கடைக் கணக்கைப் பற்றிப் போன பதிவில் புலம்பியிருந்தேன். காசோலைப் புத்தகத்துக்கென்று வங்கியே கழித்த காசால் நடைமுறைக் கணக்கு சைபருக்குக் கீழே போனது. அதற்கு மேலதிகப்பற்று (ஓவர்டிராஃப்ட், கணக்கில் இருப்பதற்கு மேல் போன காசு) வட்டி, அதன் மேல் ஒரு தண்டக் கட்டணம். திருப்பிக் கேட்கலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

கிளையில் வாய்ப்பேச்சு எடுபடவில்லை. "சிஸ்டம் தானாக வெட்டுது அண்ணே" என்றார்கள். அப்புறம் கணக்குக் கூற்றில் அந்த வரிகளைச் சிவப்புப் பேனையால் அடிக்கோடிட்டு, எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, என் பிரதியில் முத்திரை குத்தி வாங்கினேன். அந்த முத்திரைக்குத்தான் மரியாதை! தண்டக் கட்டணம் கணக்கில் திரும்ப விழுந்தது, "நல்லெண்ண அடிப்படையில்" என்ற குறிப்போடு. ஏதோ தானம் தந்த மாதிரி. வட்டி வரவில்லை.

லண்டனில் மேலதிகப்பற்றுக் கட்டணத்தை எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்தார்களே என்றான் அங்குள்ள மச்சான். பலர் வாங்கியது உண்மை. ஆனால் 2009 நவம்பரில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் வங்கிகள் பக்கம் தீர்ப்பளித்தது: அந்தக் கட்டணம் சேவை விலையின் ஒரு பகுதி, தொகை நியாயமா என்று நுகர்வோர் ஒப்பந்த விதிகளின் கீழ் ஆராய முடியாது என்று.

கடனாக எடுத்தவர் வட்டி கட்டட்டும், சரி. வங்கியே உண்டாக்கிய பள்ளத்துக்கு நம்மிடம் தண்டம் கேட்பது அநியாயம். அதைக் கேட்காமலே திருப்பித் தரவேண்டும். மிச்ச வட்டிக்கு இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு எழுதுகிறேன். அவர்களின் இலக்கம் 1935. முத்திரை குத்திய பிரதியையும் சேர்த்து அனுப்புகிறேன்.